புஷ்பவள்ளி திருப்பி அனுப்பிய பணம்

காஹாங்கில் வந்து இறங்கி, புஷ்பவள்ளி எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். டேவான் அக்கா எங்கே என்று கேட்டால் ஒரே திசைதான். செம்பனை லாரிகள் ஓடும் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே திரும்பியதும் நீலக் கூரை போட்ட பொது மண்டபம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எல்லாரும் டேவான் என்பார்கள். தமிழர் வீட்டுக் கல்யாணம், மலாய்க்காரர் வீட்டு கெண்டூரிச் சாப்பாடு, சீனச் சங்கத்து விருந்து, பூப்பந்துப் போட்டி, தேர்தல் வந்தால் ஓட்டுப்பதிவு, எல்லாம் அங்கேதான். நகராண்மைக் கழகத்துக்குச் சொந்தமான அந்த மண்டபத்துக்கும், ஊரில் இருக்கிற இரண்டு விளையாட்டு மைதானங்களுக்கும் பொறுப்பான ஆள் புஷ்பவள்ளி. பதவியின் பெயர் அவளுடைய அடையாள அட்டையில் இரண்டு வரிக்கு நீளும். படித்து முடிப்பதற்குள் வந்த காரியம் மறந்துவிடும்.

ஊர் அவளிடம் கண்ட குறை ஒன்றே ஒன்று. கையை இறுக்கிப் பிடிப்பவள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. புஷ்பவள்ளிக்கு அது வேலை விதி. ஆளில்லாத மண்டபத்தில் மின்விசிறி சுற்றினால் அவளுக்கு உடம்பு பதறும். குழல் விளக்குகளில் ஒன்று விட்டு ஒன்றைக் கழற்றி வைத்திருந்தாள். அரசாங்க விழா முடிந்து குப்பைக்குப் போகிற பேனர்களைச் சுருட்டிக்கொண்டு வந்து, சாரல் அடிக்கிற பக்கத்துக்குத் தடுப்பாகக் கட்டுவாள். மேடைத் திரை கிழிந்தால் புதுசு வாங்கியது கிடையாது. தைத்துத் தைத்து, இப்போது அந்தத் திரையில் துணி எது தையல் எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதெல்லாம் சேர்ந்து வருஷக் கடைசியில் ஒரு தொகையாக மிஞ்சும். மற்றப் பிரிவுகளில் நவம்பர் பிறந்தால் ஒரு பரபரப்பு வரும். கையிலிருக்கிற பணத்தை டிசம்பருக்குள் தீர்த்தாக வேண்டும் என்று, வேண்டுமோ வேண்டாமோ, நாற்காலியும் மேசையும் வாங்கித் தள்ளுவார்கள். காஹாங்கிலிருந்து மட்டும் பணம் தலைமையகத்துக்குத் திரும்பிப் போகும். ஊழியர் கூட்டத்தில் பொருளாளர் அவள் பெயரைச் சொல்லிப் பாராட்டுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் புஷ்பவள்ளிக்கு அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும்.

இந்தக் குணம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. அவள் பிறந்து வளர்ந்தது பண்டார் தெங்காராவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். அப்பா வீரமுத்து செம்பனைக் குலை வெட்டுகிறவர். தோட்டத்து ஆபீசில் ஒரு ஜன்னல் உண்டு. லீவு வேண்டுமா, முன்பணம் வேண்டுமா, ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வேண்டுமா, அந்த ஜன்னலுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதுகிற கிராணி, நிற்கிறவன் முகத்தைப் பார்க்காமலே ரொம்ப நேரம் பேனாவைத் தேடுவார். வீரமுத்து ஒரு தடவை தகரம் கேட்கப் போய் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்தார். "எம்புள்ளைங்க யாரும் அந்த ஜன்னல்ல போயி நிக்கக்கூடாது" என்றார் வீட்டில்.

பிள்ளைகளில் அந்தச் சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியவள் புஷ்பவள்ளிதான். பள்ளிக்கூடத்தில் இலவசப் புத்தகம் யாருக்கு வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது கையைத் தூக்கவில்லை. நகராண்மைக் கழகத்தில் தட்டச்சராகச் சேர்ந்த பிறகு, பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், போடவில்லை. மேலே இருந்தவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்று, வேறு ஆள் இல்லாமல் போன பிறகுதான் அது வந்து சேர்ந்தது. கல்யாணமான புதிதில் புருஷன் காளியப்பன், உனக்கு என்ன வேணும், என்ன வேணும் என்று கேட்டு அலுத்துப் போய், தானே ஒரு சேலை வாங்கி வந்தார். அந்த நிறம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. அதையும் சொல்லாமல் கிழிகிற வரைக்கும் உடுத்தினாள். கேட்காமல் இருப்பதுதான் கௌரவம் என்று அவள் மனசார நம்பினாள். அந்த நம்பிக்கையால் யாருக்கும் நஷ்டம் வரும் என்று நினைத்தே பார்த்ததில்லை.

அந்த மேடைத் திரையைத் தைத்தது மலருடைய கை. மலர் டேவானில் துப்புரவு வேலை பார்க்கிறவள். கன்ட்ராக் ஆள், ஒவ்வொரு டிசம்பரிலும் புதுப்பித்தால்தான் ஜனவரியில் வேலை. அப்படிப் புதுப்பித்துப் புதுப்பித்தே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. கூடவே மணியம் என்று இன்னொரு கன்ட்ராக் ஆள். மைதானத்தில் புல் வெட்டுவது, நாற்காலி அடுக்குவது, அடைத்த கால்வாயைக் குத்தி விடுவது அவன் பாடு. மலரின் புருஷனுக்கு லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை; இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மகள் லோஷினி இந்த வருஷம் ஐந்தாம் படிவம், பதினேழு வயசு. வீடு வாடகை வீடு.

தரை துடைக்கிற துணிக்கு மலர் தன் வீட்டிலிருந்து பழைய கைலிகளைக் கொண்டு வருவாள். கல்யாண வீட்டார் கிளம்ப நேரமானால், கடைசி ஆள் போகிற வரைக்கும் இருந்து பூட்டிவிட்டுப் போவாள். ஓவர்டைம் எழுத மாட்டாள். எழுதக்கூடாது என்று புஷ்பவள்ளி உத்தரவு போட்டதில்லை. மலர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை, "எழுதணுமா மலர்? கழகத்துல காசு எங்க இருக்கு?" என்று கேட்டாள். ஒரு தடவை சொன்னால் புரிந்துகொள்கிற ஆள் மலர்.

அந்த வருஷம் நடுவில் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. துறைகளைச் சீரமைக்கிறார்கள். சமூக மேம்பாட்டுத் துறை கலைக்கப்படும். மண்டபங்களும் மைதானங்களும் ஜனவரியிலிருந்து சொத்து நிர்வாகத் துறையின் கீழ் வரும். டேவான் வேண்டுமென்றால் இனிமேல் கைப்பேசியிலேயே பதிந்துகொள்ளலாம். மணியம் கலவரப்பட்டுப் போய், "நம்ம வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே அக்கா?" என்றான். புஷ்பவள்ளி அசைந்து கொடுக்கவில்லை. "பலகையில பேரு மாறும். பெருக்குற தரை மாறுமா? போ, போயி வேலையைப் பாரு" என்றாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஜாஸிம் வந்தான். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக்கின் மகன். தலைமையகத்தில் நிதித் துறையில் துணைக் கணக்காளர். அப்பாவைப் பார்க்க வந்தால் டேவானுக்கும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போவான். கையில் அப்பா கடைக் கறிபாப் பலகாரப் பொட்டலம் இருக்கும். அன்றைக்கும் இருந்தது. ஆனால் முகம் சரியில்லை.

"அக்கா, புதுத் துறைக்குப் போறவங்க பட்டியலைப் பாத்தேன். உங்க பேரு இருக்கு. மலர் அக்கா பேரும் மணியம் அண்ணன் பேரும் இல்ல."

"இல்லன்னா?"

"டிசம்பரோட சரி. கன்ட்ராக்கைப் புதுப்பிக்க மாட்டாங்க."

புஷ்பவள்ளி சிரித்தாள். "யாரோ தெரியாம விட்டிருப்பாங்க தம்பி. அவங்க ரெண்டு பேரும் இல்லாம இந்த டேவானை யாரு நடத்துறது? நீங்க கொஞ்சம் சொல்லிடுங்க."

"தெரிஞ்சுதான் விட்டிருக்காங்க." ஜாஸிம் பொட்டலத்தை மேசையில் வைத்தான். "துறைகளைச் சேர்க்கிறப்போ எந்தப் பிரிவுல ஆளு ஜாஸ்தின்னு பாக்குறாங்க. அதுக்கு எங்ககிட்ட இருக்கிறது செலவுக் கணக்குதான். உங்க பிரிவுல துப்புரவுச் சாமான் காசு மிஞ்சுது. ரிப்பேர் காசு மிஞ்சுது. ஓவர்டைம் காசைத் தொடவே இல்ல. பாக்குறவங்களுக்கு என்ன தோணும்? காஹாங்குல வேலையே இல்ல, ரெண்டு ஆளு சும்மா இருக்காங்கன்னுதானே?"

"மிச்சம் பிடிச்சது தப்பா?"

"தப்புன்னு நான் சொல்லல அக்கா. ஆனா பட்ஜெட்டுல, வேணும்னு கேக்காதவங்களுக்கு வேணாம்னுதான் எழுதுவாங்க. அழுத பிள்ளைக்குத்தான் பாலு லா." கொஞ்சம் தயங்கிவிட்டு, குற்றம் சொல்லுகிற குரலில் இல்லாமல், தெரிந்துகொள்ளுகிற ஆசையில்தான் கேட்டான்: "புல்வெட்டுப் பிரிவு ராஜசேகரன் சார் வருஷா வருஷம் நிரந்தரப் பதவி கேட்டு எழுதுவாரு. அவர்கிட்ட இருந்த கன்ட்ராக் ஆளுங்க பாதிப் பேரு நிரந்தரமாயிட்டாங்க. நீங்க ஏன் அக்கா ஒரு தடவைகூடக் கேக்கல?"

புஷ்பவள்ளி திரும்பிப் பார்த்தாள். மேடையில் மலர் நாற்காலிமேல் ஏறி நின்று திரையின் மேல்பட்டியைத் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த நூலுக்கு யார் காசு கொடுத்தது என்பதுகூடப் புஷ்பவள்ளிக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகத் தான் மிச்சம் பிடித்ததாக நினைத்தது எதுவும் தன்னுடையது இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். தேங்காய் மலருடையது. கைதட்டல் வாங்கியது புஷ்பவள்ளி.

மலரிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. அந்த வாரம் முழுக்க மலர் எதிரே வந்தால் கோப்பை எடுத்துப் புரட்டுவதும், மணியம் எதிரே வந்தால் பைப்படியைப் பார்க்கப் போவதுமாக இருந்தாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. சனிக்கிழமை எழுந்திருக்கும்போது ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. குளித்துவிட்டு, ஒரு கடிதம் எழுதி, நேரே ஜெகபர் சாதிக்கின் கடைக்குப் போய், தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த ஜாஸிமின் எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி, நான் முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கிறேன். எனக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான். என் சம்பளத்துல அவங்க ரெண்டு பேரையும் தாராளமா வெச்சுக்கலாம். கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

ஜாஸிம் கடிதத்தை வாங்கிப் படித்தான். படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "அலமாக், அக்கா! அது அப்படிப் போகாது. உங்க சம்பளம் வேற ஒதுக்கீடு, கன்ட்ராக் சம்பளம் வேற ஒதுக்கீடு. இந்தப் பெட்டியில இருக்கிறதை அந்தப் பெட்டிக்கு மாத்த முடியாது. நீங்க போனா உங்க பதவியையும் சேத்து எடுத்துடுவாங்க. மூணு பேரு சம்பளம் மிச்சம்னு சந்தோஷப்படுவாங்க."

"அப்போ..."

"இதுலயும் மிச்சம் பிடிக்கத்தானே பாக்குறீங்க!" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புஷ்பவள்ளிக்குக் கோபம் வந்தது. மகன் வயசுப் பையன் இப்படிச் சிரிக்கிறானே என்று கோபம்; அவன் சொன்னது சரியாக இருக்கிறதே என்று அதைவிடக் கோபம். "சிரிக்காதீங்க தம்பி. நான் என்னதான் பண்ணணும்? அதைச் சொல்லுங்க."

"கேளுங்க. அவ்வளவுதான். செப்டம்பர்ல ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் கழகத் தலைவர் முன்னால உக்காந்து அடுத்த வருஷத்துக்கு என்ன வேணும்னு சொல்லுவாங்க. உங்களுக்கும் நேரம் உண்டு. நீங்கதான் வந்ததே இல்ல."

வந்ததில்லைதான். போன வருஷத்தை விடக் குறைவான தொகையை எழுதித் தபாலில் அனுப்பிவிடுவாள். குறைத்துக் கேட்கிறவளைக் கூப்பிட்டு விசாரிக்க யாருக்கு என்ன அவசியம்?

"ரெண்டு பேருக்கும் நிரந்தரப் பதவி கேளுங்க" என்றான் ஜாஸிம். "எப்படியும் வெட்டித்தான் கொடுப்பாங்க. கொஞ்சம் கூட்டியே கேளுங்க."

"கூட்டி எதுக்குக் கேக்கணும்? மலருக்கு நிரந்தரம் கேக்குறேன். மணியத்துக்குக் கன்ட்ராக்கை நீட்டினா போதும்."

"அக்கா..."

"போதும் தம்பி. பேராசை கூடாது."

ஜாஸிம் இன்னொரு தே தாரிக் சொன்னான்.

செப்டம்பரில் அந்தக் கூட்டத்துக்குப் போகிற காலையில் காளியப்பன்தான் காரில் கூட்டிப்போனார். வழி நெடுகச் செம்பனை. புஷ்பவள்ளி மடியில் ஒரு கோப்பு. அதில் மேடைத் திரையின் படம், பேனர் தடுப்பின் படம், மலர் தரை துடைக்கிற படம் எல்லாம் அச்செடுத்து வைத்திருந்தாள். என்ன பேச வேண்டும் என்று மலாயில் எழுதி, மனப்பாடம் செய்து, உதடு அசைய ஒப்பித்துக்கொண்டே வந்தாள். காளியப்பன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"கேட்டுப் பழக்கமில்லாத வாய். அங்க போயி அடைச்சுக்கப் போவுது. இப்பவே எங்கிட்ட எதாச்சும் ஒண்ணு கேளு, பழகிக்க."

அவள் யோசித்தாள். ரொம்ப தூரம் யோசித்துக்கொண்டே வந்தாள். "ஏர்கோனைக் கொஞ்சம் குறைங்க."

"அது வேணாங்கிறது. வேணுங்கிறதைக் கேளு."

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. காளியப்பனுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும் இவளுக்கு என்ன பிடிக்கும் என்று தனக்குத் தெரியாது என்பது அவருக்கே அன்றைக்குத்தான் விளங்கியது. ஏர்கோனைக் குறைத்து வைத்தார்.

தலைமையகத்தில் கூட்ட அறைக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். அவளுக்கு முன்னால் ராஜசேகரன் உள்ளே போனார். போகும்போது, "மூணு மெஷின் கேக்கப் போறேன். ரெண்டு கொடுப்பாங்க. எனக்கு வேண்டியது ரெண்டுதான்" என்று கண்ணைச் சிமிட்டினார். திரும்பி வரும்போது இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு வந்தார். அந்த மனுஷனைப் பார்த்து இத்தனை நாளாக முகம் சுளித்ததை நினைத்தால் புஷ்பவள்ளிக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் வேலை பார்த்தவர்களுக்குப் பென்ஷன் உண்டு.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவள் நின்றாள். நீள மேசை, தலைவர் நடுவில், பொருளாளர் பக்கத்தில், நிதித் துறைக்காரர்கள் ஓரத்தில். அவர்களில் ஜாஸிமும் இருந்தான்; அவளைத் தெரியாதவன் போலக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உட்காருங்க, புவான்" என்றார் தலைவர் மலாயில். எதிரே ஒரு நாற்காலி, ஒரு கோப்பைத் தேநீர், ஒரு தட்டில் பலகாரம். அப்பா நின்ற ஜன்னலை எதிர்பார்த்து வந்தவளுக்கு அந்தத் தேநீரைப் பார்த்ததும் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்து போனது.

"துவான், எனக்கு..." ஒரு மிடறு தேநீர் குடித்தாள். "எனக்கு ஒரு நிரந்தரப் பதவி வேணும். இன்னொரு கன்ட்ராக்கைப் புதுப்பிக்கணும்."

தலைவர் காகிதத்தைப் புரட்டினார். "காஹாங். வருஷா வருஷம் பணத்தைத் திருப்பி அனுப்புற பிரிவு இது. இப்ப எதுக்குத் திடீர்னு ஆளு?"

"அது மிஞ்சின பணம் இல்ல, துவான்." புஷ்பவள்ளி தேநீரைக் கீழே வைத்தாள். "அது ஒருத்தங்க செஞ்ச வேலை. திரை வாங்க நீங்க காசு கொடுத்தீங்க. நான் வாங்கல, அவங்க தைச்சாங்க. ஓவர்டைமுக்குக் காசு கொடுத்தீங்க. அவங்க இருந்து வேலை பாத்தாங்க, நான் எழுத விடல. துணிகூட அவங்க வீட்டுத் துணி. நான் அந்தக் காசை உங்களுக்கு அனுப்பி நல்ல பேரு வாங்கிக்கிட்டேன். இப்ப அவங்களை வேணாம்னு சொல்றீங்க. அவங்க இல்லன்னா அந்த டேவான் ஒரு மாசம் தாங்காது."

கோப்பைத் திறக்கக் கை போனது. தலைவர் அதற்குள் பொருளாளர் பக்கம் திரும்பிவிட்டார். "சொத்து நிர்வாகத்துல இந்த வேலைக்குக் காலியிடம் எதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கு, துவான்" என்றார் பொருளாளர். "மூணு வருஷமா காலியாத்தான் கிடக்கு. எந்தப் பிரிவும் கேக்கல."

"அப்போ இவங்க சொல்ற ஆளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டுப் போடுங்க. அந்தக் கன்ட்ராக்கையும் ஒரு வருஷம் நீட்டிடுங்க." அவளைப் பார்த்துத் தலையசைத்தார். "வேற எதுவும் வேணுமா, புவான்?"

"வேணாம், துவான்."

அவ்வளவுதான். தேநீர்கூட ஆறவில்லை. வெளியே வந்தவள் நாலு எட்டு நடந்து, மாடிப்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். சத்தம் வராமல் அழத் தெரிந்தவள்தான். அன்றைக்குச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜாஸிம் வெளியே வந்து பார்த்துத் திகைத்துப் போனான்.

"கிடைச்சிருச்சே அக்கா! எதுக்கு அழுவுறீங்க?"

"மூணு வருஷமா சும்மா கிடந்திருக்கு தம்பி." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதுக்கு முன்னாலயும் எத்தனை கிடந்துச்சோ."

சண்டை போட்டு, கெஞ்சி, நாலு பேர் வாயில் விழுந்து வாங்கியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். வாயைத் திறந்தாள், கொடுத்துவிட்டார்கள். ஜாஸிம் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மலரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். தீபாவளிக்குப் பிறகு நியமனக் கடிதம் வந்தது. மணியத்துக்கும் ஒரு வருஷ நீட்டிப்புக் கடிதம் வந்தது. புஷ்பவள்ளியின் பிரிவு மட்டும் போனது போனதுதான். ஜனவரியிலிருந்து அவளுக்கு மேலே ஒரு அதிகாரி. அவளுக்குத் தலைமையகத்தில், சொத்து நிர்வாகத் துறை முகப்பில் ஒரு மேசை. அதில் அவளுக்கு வருத்தமில்லை.

டிசம்பர் கடைசியில், கல்யாணம் எதுவும் இல்லாத ஒரு மத்தியானம், மலர் கேசரி கிண்டி எடுத்து வந்தாள். புது வேலைக்காக மட்டும் இல்லை, அக்கா இங்கிருந்து போகிறாள் என்பதற்காகவும். மேடைப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெளியே மணியம் புல் வெட்டுகிற சத்தம். மலர் ஒரு கிண்ணத்தில் கேசரியைப் போட்டு, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

"நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது அக்கா. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன். அக்கா நமக்காக வருஷா வருஷம் கேட்டு எழுதுறாங்க, மேல இருக்கிறவங்கதான் தர மாட்டேங்கிறாங்கன்னு. பதினோரு வருஷம் நீங்க விடாம கேட்டீங்க பாருங்க, கடைசியில அவங்களுக்கே மனசு வந்திருச்சு."

புஷ்பவள்ளிக்குக் கையில் கிண்ணம் கனத்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் முடிந்தது. மலருக்கு எப்போதும் தெரியப் போவதில்லை. நிம்மதியாகக் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, நல்லவள் என்ற பெயரோடு இந்த ஊரை விட்டுப் போகலாம். ஏற்கெனவே ஒரு தடவை அப்படிப் பெயர் வாங்கியாயிற்று. கிண்ணத்தைப் படியில் வைத்தாள்.

"நான் கேக்கல மலர்."

"என்னக்கா?"

"பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட உனக்காக நான் கேட்டதில்ல. இந்த வருஷம்தான் கேட்டேன். கேட்டதும் கொடுத்துட்டாங்க."

மலர் அவளைப் பார்த்தாள். கேலி செய்கிறாளோ என்று தேடுகிற பார்வை. இல்லை என்று தெரிந்ததும் அந்த முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. "ஏன்க்கா?"

"எனக்குக் கேக்கத் தெரியல."

"உங்களுக்கு வேணும்னா நீங்க கேக்க வேணாம். எனக்காகக் கேக்கறதுக்கு என்னக்கா?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் புஷ்பவள்ளி தாங்கியிருப்பாள். "நிரந்தரமா இருந்திருந்தா பேங்குல வீட்டுக்கு லோன் கொடுத்திருப்பான், இல்ல? லோஷினி ஒண்ணாப்பு படிக்கிறப்பவே போயி கேட்டோம். கன்ட்ராக் ஆளுக்குக் கொடுக்க முடியாதுன்னு அனுப்பிட்டான். பெறகு மூணு வீடு மாறிட்டோம்."

"ஆமா. கொடுத்திருப்பான்."

"இது தெரியாம உங்களுக்காகச் சாமி கும்பிட்டேன்" என்றாள் மலர். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை. புஷ்பவள்ளி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அது இந்த நேரத்துக்கு ரொம்ப மலிவான சாமானாகப் பட்டது. வாயை மூடிக்கொண்டாள். வெளியே புல்வெட்டி ஒரு கணம் நின்று, மறுபடி கிளம்பியது. மலர் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். 

"மணியத்துக்கு என்ன கேட்டீங்க?"

"கன்ட்ராக்கை நீட்டச் சொல்லி."

"நிரந்தரம்?"

"கேக்கல."

"ஏன்?"

புஷ்பவள்ளிக்கு, பேராசை கூடாது என்று ஜாஸிமிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தச் சொல்லை இப்போது மலரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அவனுக்குக் கல்யாணம் பேசுறாங்க அக்கா" என்றாள் மலர். "பொண்ணு வீட்டுல முதல்ல கேக்கறது நிரந்தர வேலையான்னுதான். போன் போடுங்க."

"யாருக்கு?"

"ஜாஸிமுக்கு. இப்பவே. ஜனவரின்னு தள்ளாதீங்க."

மலர் எழுந்திருக்கவில்லை, முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை. கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். புஷ்பவள்ளி கைப்பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"தம்பி" என்றாள். "எனக்கு இன்னொண்ணு வேணும்."